நாணயமும் பதக்கமும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இரு பொருள் தருவது. கடையில் கொடுத்துப் பொருள் வாங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியது மிகப் பொருத்தமே. காசு என்பது ஓர் அரசு தன் குடிகளுக்குக் கொடுக்கும் வாக்கு ஆகும். 'இதனுள் இவ்வளவு எடை வெள்ளி உண்டு. இதன் மாற்று இன்னது. இதற்கு யானே பொறுப்பு' என்று மன்னன் தன் பெயரையும் உருவத்தையும் பொறித்து வெளியிட்டதே பழங்காலத்துக் காசு. அவ்வாக்கைக் காத்த மன்னரும் உண்டு. காவாத மன்னரும் உண்டு. அவர் யாவர் என்பதை அறிய விரும்புவோர், வரலாற்று நூல்களோடு பழங்காசுகளையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

இதற்குப் பிரிட்டன் நாட்டுக் காசுகள் ஏற்ற எடுத்துக்காட்டாக விளங்குகின்றன. எட்டாம் நூற்றாண்டு தொட்டு இன்றுவரை அந்நாட்டில் வெளிவந்த காசுகளை வரிசையாக அடுக்கினால், ஆயிரத்து இருநூறு ஆண்டு வரலாறு ஒரு சிறு பேழைக்குள் அடங்கிவிடும். பதினாறாம் நூற்றாண்டு முதல் அவற்றோடு அரச பதக்கங்களும் வந்து சேர்கின்றன. இவ்விரண்டையும் தேடித் தொகுத்து ஆராய்வதைப் பலர் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டுள்ளனர். அத்தொகுப்பினால் விளையும் பயன் யாது, அதனை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

காசு வேறு, பதக்கம் வேறு

காசும் பதக்கமும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் உலோகத்தால் ஆனவை. இரண்டிலும் ஒரு பக்கம் மன்னன் தலை இருக்கும். ஆயினும் அவற்றின் தொழில் வேறு. காசுக்கு விலை மதிப்பு உண்டு. அது கைக்குக் கை மாறிச் சந்தையிலும் தெருவிலும் உழைக்கவேண்டும். பதக்கத்திற்கு அத்தகைய மதிப்பு இல்லை. முடிசூட்டு விழா, போர் வெற்றி, ஆட்சியின் ஆண்டு நிறைவு ஆகியவற்றை நினைவுகூர்வதற்காகவே அது செய்யப்படும். பெருமக்கள் அதனைப் பரிசாகப் பெற்றுப் பட்டுத்துணியில் பொதிந்து வைப்பர்.

பதக்கத்தில் மன்னன் தன்னைப்பற்றி உலகம் எவ்வாறு எண்ணவேண்டும் என்று விரும்பினானோ அதுவே பொறிக்கப்பட்டிருக்கும். அதனை மறுத்துரைப்பார் எவரும் இலர். காசின் நிலை அத்தகையது அன்று. வணிகன் அதனை நிறுத்துப் பார்ப்பான். பொற்கொல்லன் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பான். ஏழை மகள் அதனை முந்தானையில் முடிந்து வைப்பாள். எடை குறைந்தாலும் மாற்றுக் குறைந்தாலும் உடனே வெளிப்பட்டுவிடும். பதக்கம் மன்னன் விரும்பிய புகழைச் சொல்லும். காசு அவன் நடந்துகொண்ட முறையைச் சொல்லும். ஆதலின் தொகுப்போர் இரண்டையும் சேர்த்து, ஒன்றன் அருகில் மற்றொன்றை வைத்துப் பார்த்தல் நலம்.

வெள்ளிப் பென்னி

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டை ஆஃபா என்னும் மன்னன் ஆண்டான். அவன் வெளியிட்ட மெல்லிய வெள்ளிப் பென்னிகள் அழகும் நேர்த்தியும் வாய்ந்தவை. ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 பென்னி என்பது அக்காலத்திலிருந்து வந்த கணக்கு. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. இக்கணக்கு 1971ஆம் ஆண்டு பெப்ருவரி 15ஆம் நாள் வரை பிரிட்டனில் வழங்கியது. அன்றுதான் ஒரு பவுண்டுக்கு 100 பென்னி என்னும் பதின்மக் கணக்கு நடைமுறைக்கு வந்தது.

பல நூற்றாண்டுகள் வரை பென்னி ஒன்றே அந்நாட்டில் பெருவழக்காக இருந்த காசு. அரைப் பென்னி வேண்டின் மக்கள் முழுக் காசை இரண்டாக வெட்டினர். கால் பென்னி வேண்டின் நான்காக வெட்டினர். காசின் பின்புறத்தில் இருந்த சிலுவைக்குறி வெட்டுவதற்கு வழிகாட்டியது. இவ்வழக்கத்தோடு ஒரு தீமையும் புகுந்தது. சிலர் காசின் விளிம்பைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து, அந்த வெள்ளித் துணுக்குகளைச் சேர்த்து உருக்கி விற்றனர். எடை குறைந்த காசை மட்டும் பிறர் கையில் தள்ளிவிட்டனர்.

மூன்றாம் ஹென்றி 1247இல் இதற்கு ஒரு மாற்றுக் கண்டான். அதுவரை காசின் நடுவே சிறிதாக இருந்த சிலுவையின் கைகளை விளிம்புவரை நீட்டச் செய்தான். சிலுவையின் முனை குறைந்திருந்தால் காசு கத்தரிக்கப்பட்டது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்கிவிடும். சிறு சிலுவைப் பென்னி ஒன்றையும் நீள் சிலுவைப் பென்னி ஒன்றையும் அருகருகே வைத்து நோக்கினால், ஒரு குற்றமும் அதனைத் தடுக்க எழுந்த அறிவும் நம் கண்முன் நிற்கும்.

செம்பு மூக்கு

மக்கள் காசைக் கத்தரித்தால் மன்னன் தண்டிப்பான். மன்னனே காசைக் கெடுத்தால் யார் தண்டிப்பார்? எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இக்கேள்வி எழுந்தது. பகட்டான வாழ்விலும் அயல்நாட்டுப் போரிலும் அவனுடைய கருவூலம் வறண்டது. 1544ஆம் ஆண்டு முதல் அவன் வெள்ளிக் காசுகளில் செம்பை மிகுதியாகக் கலக்கத் தொடங்கினான். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி என்பதே இங்கிலாந்தின் பழைய மாற்று. அது சில ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்காகத் தாழ்ந்தது. அவன் மகன் ஆறாம் எட்வர்டு ஆட்சியில் 1551இல் நான்கில் ஒரு பங்கு வெள்ளியே உள்ள காசும் வெளிவந்தது.

இக்காசுகளின் மேற்புறம் வெள்ளி போலவே பளபளத்தது. ஆனால் ஹென்றியின் முகம் நேர்முகமாகப் பொறிக்கப்பட்டிருந்ததால் மூக்கு மற்ற உறுப்புகளைவிட மேலெழுந்து நின்றது. காசு சில திங்கள் புழங்கியதும் முதலில் மூக்கே தேய்ந்தது. உள்ளிருந்த செம்பு சிவந்து தோன்றியது. குடிகள் தம் மன்னனுக்குச் 'செம்பு மூக்கன்' என்று பெயரிட்டனர். அரண்மனை ஓவியங்களில் அவன் மாட்சியோடு நிற்பதைக் காணலாம். அத்தேய்ந்த காசோ, அவன் மறைக்க முயன்றதை நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மறைக்காமல் காட்டுகின்றது.

காசு கெட்டதால் பண்டங்களின் விலை ஏறியது. நல்ல வெள்ளியை மக்கள் ஒளித்து வைத்தனர். அவன் மகள் முதலாம் எலிசபெத்து அரியணை ஏறியதும், 1560, 1561 ஆகிய ஆண்டுகளில் கெட்ட காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கி, பழைய மாற்றில் புதுக் காசுகளை வெளியிட்டாள். அவள் காலத்துப் பதக்கம் ஒன்றும் புகழ் பெற்றது. ஸ்பெயின் நாட்டுப் பெருங்கப்பற்படை 1588இல் சிதறியபின், ஏறத்தாழ 1589இல் செய்யப்பட்டது அது. கடல் நடுவே ஒரு தீவு. அதில் மின்னலும் புயலும் தீண்டாமல் தனித்து நிற்கும் ஒரு மரம். இவையே அதன் பின்புறக் காட்சி. பதக்கம் அவளுடைய துணிவைப் பாடுகின்றது. அவள் வெளியிட்ட நல்ல காசோ அவள் குடிகளுக்குச் செய்த கடமையைக் காட்டுகின்றது.

ஒரு மன்னனின் இரு சான்றுகள்

முதலாம் சார்லஸ் மன்னனைப்பற்றிக் கூற இரண்டு பொருள்கள் போதும். ஸ்காத்லாந்தின் மன்னனாக 1633இல் எடின்பரோவில் அவனுக்கு முடிசூட்டியபோது, நிக்கோலஸ் பிரியோ என்னும் பிரெஞ்சுக் கலைஞர் ஒரு பதக்கம் செய்தார். அதனைச் சில படிகள் ஸ்காத்லாந்து மண்ணில் கிடைத்த தங்கத்தைக் கொண்டே அடித்தனர்; அச்செய்தியை விளிம்பிலும் பொறித்தனர். நாட்டின் பொன்னே மன்னனுக்கு மாலை சூட்டுவது போன்ற தோற்றம் அதில் உண்டு.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. மன்னனுக்கும் பாராளுமன்றத்திற்கும் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. மன்னன் பக்கம் நின்ற நியூவார்க் என்னும் நகரைப் பகைவர் முற்றுகையிட்டனர். காவலில் இருந்த வீரர்க்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை. நகரத்தார் வெள்ளித் தட்டுகளையும் கலங்களையும் வெட்டி, சாய்சதுரத் துண்டுகளாக்கி, ஒரு புறம் மன்னனின் முடியையும் விலையையும், மறுபுறம் நகரின் பெயரையும் 1645, 1646 என்னும் ஆண்டுகளையும் பொறித்துக் கொடுத்தனர். அத்துண்டுகள் சிலவற்றில், அவை முன்பு தட்டாக இருந்தபோது இருந்த முத்திரையின் சுவட்டை இன்றும் காணலாம். 1649இல் சார்லஸ் மன்னன் தலை துணிக்கப்பட்டான். வட்டமான பொற்பதக்கம் அவன் ஆட்சியின் காலையைக் காட்டும். கோணலாக வெட்டிய வெள்ளித் துண்டு அதன் அந்தியைக் காட்டும்.

விளிம்பில் ஒரு விண்ணப்பம்

சார்லசுக்குப்பின் நாட்டை ஆண்ட கிராம்வெல்லுக்குக் காசும் பதக்கமும் செய்து கொடுத்தவர் தாமஸ் சைமன் என்னும் செதுக்குக் கலைஞர். 1660இல் முடியாட்சி மீண்டது. இரண்டாம் சார்லஸ் மன்னனானான். அவனுடைய முடிசூட்டு விழாவுக்கு 1661இல் அழகிய பதக்கம் செய்தவரும் சைமனே. ஆயினும் புதிய இயந்திரக் காசுகளுக்கு அச்சுச் செதுக்கும் வேலை, ஆண்ட்வெர்ப் நகரைச் சேர்ந்த ரோட்டியே குடும்பத்தாருக்குக் கிடைத்தது.

சைமன் மனம் சோர்ந்து வீட்டில் அமரவில்லை. 1663இல் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள 'கிரவுன்' என்னும் வெள்ளிக் காசு ஒன்றைத் தம் திறமெல்லாம் கூட்டிச் செய்தார். அதன் விளிம்பில் இரண்டு வரிகளாக நுண்ணிய எழுத்தில் மன்னனுக்கு ஒரு விண்ணப்பம் பொறித்தார். தம் காசை ஆலந்துக்காரர் காசோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறும், தம்முடையது உருவத்திலும் அமைப்பிலும் செதுக்கிலும் சிறந்ததாயின் தமக்கு உதவுமாறும் அவர் அதில் வேண்டிக்கொண்டார். வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. இலண்டனில் கொள்ளைநோய் பரவிய 1665ஆம் ஆண்டில் அவர் இறந்தார். ஆனால் பிரிட்டன் காசுகளுள் தலைசிறந்தது எது என்று கேட்டால், இன்று பலரும் சுட்டுவது அந்த விண்ணப்பக் கிரவுனையே. மன்னன் வழங்காத தீர்ப்பைக் காலம் வழங்கிவிட்டது.

அறிஞர் காத்த நாணயச்சாலை

இயந்திரத்தால் அடித்த புதுக் காசுகளின் விளிம்பில் எழுத்தோ வரியோ இருந்ததால் அவற்றைக் கத்தரிக்க இயலவில்லை. ஆனால் சுத்தியலால் அடித்த பழைய காசுகளும் உடன் வழங்கிவந்தன. 1695 அளவில் அவற்றுள் பல தமக்குரிய எடையில் ஏறத்தாழப் பாதிக்குத் தேய்ந்துபோயிருந்தன. பழைய வெள்ளி முழுவதையும் திரும்பப் பெற்றுப் புதிதாக அடிக்க அரசு முடிவு செய்தது. அவ்வேளையில், 1696இல், இலண்டன் நாணயச்சாலையின் காவலராகப் பொறுப்பேற்றவர் ஐசக் நியூட்டன். புவியீர்ப்பு விதியை உலகிற்கு உரைத்த அதே அறிஞர்தாம்.

பெயருக்குப் பதவி வகித்துச் சம்பளம் பெறலாம் என்று பிறர் எண்ணிய வேலையை நியூட்டன் முழுமனத்தோடு செய்தார். வேலையாட்களின் கைத்திறனையும் இயந்திரங்களின் வேகத்தையும் அளந்து ஒழுங்கு செய்தார். கள்ளநாணயம் செய்வோரைத் தேடிச் சான்று திரட்டினார். அவர்களுள் பெயர்பெற்ற வில்லியம் சலோனர் என்பவன் 1699இல் தூக்கிலிடப்பட்டான். அவ்வாண்டின் இறுதியில் நாணயச்சாலையின் தலைவரான நியூட்டன், 1727இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். ஆன் அரசி 1702இல் முடிசூடியபோது வெளியிட்ட பதக்கத்தின் பின்புறக் காட்சியை வகுத்தவரும் அவரே. அரசி இடியேந்திய தெய்வமாகி ஓர் அரக்கனை வீழ்த்துவதாக அது அமைந்தது. பதக்கத்தில் அவரது கற்பனையும், காசின் திருந்திய எடையில் அவரது உழைப்பும் விளங்குகின்றன.

காசு தன் வாக்கைக் காக்கின்றதா என்று சோதிக்கும் ஓர் ஏற்பாடும் அந்நாட்டில் உண்டு. புதுக் காசுகளுள் சிலவற்றை ஒரு பெட்டியில் இட்டு வைத்து, பின்னர்ப் பொற்கொல்லர் குழுவினரைக் கொண்டு எடையும் மாற்றும் ஆராய்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய இச்சோதனை இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது.

சக்கரப் பென்னியும் சவரனும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் தொழிற்சாலைகள் பெருகின. வேலையாட்களுக்கு வாரக்கூலி கொடுக்கச் செப்புக் காசு போதவில்லை. கிடைத்த காசிலும் கள்ளக்காசே மலிந்திருந்தது. பர்மிங்காம் நகரத்து மாத்தியூ போல்டன், நீராவியால் இயங்கும் அச்சுப் பொறிகளைக்கொண்டு 1797இல் அரசுக்காகப் பெரிய செப்புப் பென்னிகளை அடித்துக் கொடுத்தார். பென்னியின் எடை சரியாக ஓர் அவுன்சு. இரண்டு பென்னிக் காசின் எடை இரண்டு அவுன்சு. அகன்ற விளிம்பு உடையவையாக இருந்ததால் மக்கள் அவற்றை 'வண்டிச்சக்கரம்' என்று அழைத்தனர். அவற்றை எடைக்கற்களாகவும் பயன்படுத்தினர். எடை தவறாத காசுக்கு இதனினும் நல்ல புகழ் வேறு வேண்டுமோ?

1817இல் புதிய பொற்காசு ஒன்று வெளிவந்தது. அதுவே சவரன். இருபத்திரண்டு மாற்றுத் தங்கம். எடை ஏறத்தாழ 7.99 கிராம். பின்புறத்தில் குதிரைமேல் அமர்ந்து பாம்புருவப் பகையை வெல்லும் தூய ஜார்ஜின் உருவத்தைச் செதுக்கியவர், உரோமாபுரியில் பிறந்த பெனடெட்டோ பிஸ்துருச்சி. இக்காசு உலகெங்கும் சென்றது. நம் நாட்டிற்கும் வந்தது. அதன் எடையே தமிழகத்தில் தங்கத்தை அளக்கும் அளவாயிற்று. இன்றும் திருமண வீடுகளில் 'எத்தனை சவரன்?' என்று கேட்கின்றோம். எட்டுக் கிராம் தங்கத்தை ஒரு சவரன் என்கின்றோம். 'பவுன்' என்னும் சொல்லும் 'பவுண்டு' என்பதன் திரிபே. மக்கள் நம்பிய காசு அயல்மொழியிலும் ஒரு சொல்லாக நிலைபெறும் என்பதற்கு இது சான்று.

அதே பிஸ்துருச்சியிடம் வாட்டர்லூப் போர் வெற்றிக்காகப் பெரும் பதக்கம் ஒன்று செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. வென்ற நாடுகளின் மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் அதனைப் பரிசளிப்பது நோக்கம். பதின்மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள அதன் அச்சுகளை அவர் 1849இல்தான் முடித்துக் கொடுத்தார். அதற்குள் முப்பது ஆண்டுகளுக்குமேல் கடந்துவிட்டன. பரிசு பெறவேண்டியவருள் வெலிங்டன் ஒருவரைத் தவிர ஏனையோர் மறைந்துவிட்டனர். அச்சு உடைந்துவிடும் என்று அஞ்சியதால் பதக்கம் அடிக்கப்படவே இல்லை. படிவங்கள் மட்டுமே எடுக்கப்பட்டன. ஆனால் அதே போரில் ஈடுபட்ட எளிய வீரர்க்கெல்லாம் வேறொரு வெள்ளிப் பதக்கம் 1816, 1817 ஆண்டுகளில் வழங்கப்பட்டுவிட்டது. அதன் விளிம்பில் அவ்வவ்வீரனின் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டன. மன்னர்க்கென எண்ணிய பதக்கம் முடங்கியது; படைவீரன் பெயர் தாங்கிய பதக்கம் அவன் மார்பில் ஏறியது. பதக்கங்களிலும் உண்மை பேசுவன உண்டு என்பதை இதனால் அறிகின்றோம்.

ஓர் அரசியின் முகங்கள்

விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை ஆண்டாள். 1838இல் அவள் இளமை முகத்தோடு வெளிவரத் தொடங்கிய காசுகள், 1887இல் அவளது ஐம்பதாம் ஆண்டு விழாவின்போது முதிர்ந்த முகமும், 1893இல் முக்காடிட்ட முதுமை முகமும் பெற்றன. ஆட்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்காக 1897இல் வெளியிட்ட பதக்கத்தில், ஒரு புறம் இளமுகமும் மறுபுறம் முதுமுகமும் அமைந்தன. ஒரு வாழ்வின் காலை மாலைகளை ஒரே வட்டத்தில் காட்டும் அப்பதக்கம் அரச பதக்கங்களுள் மிகவும் விரும்பித் தேடப்படுவது.

இவ்வரசியின் காசுகளிலும் ஒரு பாடம் உண்டு. 1887இல் வெளிவந்த ஆறு பென்னி வெள்ளிக் காசில் அதன் விலை எழுதப்படவில்லை. தோற்றத்தில் அரைச் சவரன் பொற்காசைப் போன்றிருந்தது. வஞ்சகர் சிலர் அதற்குப் பொன்முலாம் பூசி, இருபது மடங்கு விலைக்கு மாற்றினர். அரசு அவ்வாண்டிலேயே அவ்வமைப்பைக் கைவிட்டு, விலையை எழுத்தால் பொறித்த காசை வெளியிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் வெள்ளியின் மாற்று மீண்டும் குறைந்தது. 1920இல் அது பாதியாயிற்று. 1947இல் வெள்ளியே நீங்கி, செம்பும் நிக்கலும் கலந்த காசு வந்தது. எட்டாம் ஹென்றி செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு யாது எனின், இது பாராளுமன்றத்தில் சட்டமியற்றி, நாடறியச் செய்த மாற்றம். வாக்கு மாறவேண்டிய காலத்தில் அதனை வெளிப்படையாகக் கூறி மாற்றுவதும் நேர்மையே.

முடிசூடாத மன்னன்

எட்டாம் எட்வர்டு 1936 ஜனவரியில் மன்னனாகி, அவ்வாண்டு டிசம்பரிலேயே முடி துறந்தான். ஒரு மன்னன் இடப்புறம் நோக்கினால் அடுத்தவன் வலப்புறம் நோக்குவது இரண்டாம் சார்லஸ் காலம் முதல் காசுகளில் இருந்த மரபு. எட்வர்டு அம்மரபை மீறி, தந்தையைப் போலத் தானும் இடப்புறம் நோக்க விரும்பினான். 1937ஆம் ஆண்டிட்டு அச்சுகள் செதுக்கி மாதிரிகளும் அடித்தனர். ஆயினும் அவன் முகம் தாங்கிய பிரிட்டன் காசு மக்கள் கைக்கு வரவே இல்லை. இதற்கிடையே, 1937 மே 12 அன்று அவன் முடிசூடுவான் என்று நம்பிய தனியார் நிறுவனங்கள் விழாப் பதக்கங்களை அடித்து விற்றுவிட்டன. அதே நாளில் முடிசூடியவன் அவன் தம்பி ஆறாம் ஜார்ஜ். நடவாத விழாவை நடந்ததாகக் கூறும் அப்பதக்கங்கள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. புகழுரையை அப்படியே நம்பலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டுவது இல்லை. இடவல மரபோ அறுபடாமல் தொடர்ந்தது. 2022 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் சார்லஸ் மன்னரின் காசில் அவர் தம் தாய்க்கு எதிர்ப்புறமாக, இடப்புறம் நோக்குகின்றார்.

தொகுக்கும் முறை

இத்தகைய தொகுப்பை அமைப்பதற்கு வழிகாட்டியாகச் சாரா சோபியா பேங்க்ஸ் அம்மையாரைக் கொள்ளலாம். அவர் வாழ்ந்த காலம் 1744 முதல் 1818 வரை. இயற்கை நூலறிஞர் ஜோசப் பேங்க்சின் தங்கை அவர். இலண்டனில் தமையன் இல்லத்தில் இருந்துகொண்டு, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட காசுகளையும் பதக்கங்களையும் தொழிற்சாலை வில்லைகளையும் திரட்டினார். பிறர் பொன்னையும் அரியதையும் நாடிய காலத்தில், அவர் அன்றாடம் புழங்கிய செப்பு வில்லைகளையும் விடாது சேர்த்தார். ஒவ்வொன்றும் யாது, எவரிடமிருந்து வந்தது என்று தம் கைப்படக் குறித்தும் வைத்தார். அவர் மறைவுக்குப்பின் அத்தொகுப்பு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கும் அரச நாணயச்சாலைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் ஆராய்ச்சியாளர் அதனை நாடுவதற்குக் காரணம் அவருடைய குறிப்புகளே.

தொகுப்போர் மேற்கொள்ள வேண்டிய முறைகள் சில உண்டு. முதலாவது, எல்லை வகுத்தல். எல்லாவற்றையும் சேர்க்க முயன்றவன் எதையும் நிறைவு செய்யான். ஆட்சிக்கு ஒரு காசு என்றோ, 1860 முதல் 1967 வரை புழக்கத்திற்கு வெளிவந்த வெண்கலப் பென்னிகள் என்றோ, முடிசூட்டுப் பதக்கங்கள் என்றோ ஓர் எல்லை வகுத்துக்கொள்ளல் வேண்டும். வெண்கலப் பென்னிகளுள் மிகப் பல சிறு விலைக்கே கிடைப்பதால் இளையோர் அவற்றிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, எழுதி வைத்தல். காசின் எடை, விட்டம், ஆண்டு, வாங்கிய இடம், கொடுத்த விலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிந்து, அதே எண்ணைக் காசின் உறையிலும் எழுதவேண்டும். வரலாறு அறியப்படாத காசு, பெயர் தெரியாதவன் எழுதிய கடிதம் போன்றது.

மூன்றாவது, காத்தல். வீட்டுச் செம்பைப் புளியிட்டு விளக்குவது போலப் பழங்காசை விளக்கலாகாது. காலத்தால் படிந்த நிறமே அதன் இயல்பான போர்வை. தேய்த்து நீக்கினால் நுண்ணிய செதுக்கும் உடன் அழியும். விரல் வியர்வையும் கறை செய்யும். ஆதலின் விளிம்பைப் பிடித்தே எடுத்தல் வேண்டும். ஈரமற்ற இடத்தில், காசுக்கென்று செய்த உறைகளில் வைத்தல் நன்று.

நான்காவது, ஐயுற்று ஆராய்தல். விலை மிகுந்த காசுகளுக்குப் போலிகளும் மிகுதி. எடையும் விட்டமும் பொருந்தாத காசை, விற்பவர் எத்துணை இனிமையாகப் பேசினாலும் வாங்கலாகாது. ஐந்தாவது, சட்டத்தை மதித்தல். முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசுகள் இங்கிலாந்து மண்ணில் புதையலாகக் கிடைத்தால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு நாட்களுக்குள் அதற்குரிய அலுவலரிடம் தெரிவித்தல் வேண்டும். புதையலை மறைத்துச் சிதறடிப்பவன் ஒரு நூலின் ஏடுகளைக் கிழித்துக் காற்றில் விடுபவனை ஒப்பான்.

அருமை வேறு, பெருமை வேறு என்பதையும் உணர்தல் வேண்டும். 1933இல் பென்னிகள் போதுமான அளவு புழக்கத்தில் இருந்தமையால் புழக்கத்திற்கென அவ்வாண்டுக்குப் பென்னிகள் அடிக்கப்படவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லில் இடுதல் முதலிய தேவைகளுக்காக ஏறத்தாழ ஏழு மட்டுமே அடிக்கப்பட்டன. அவற்றின் விலை இன்று மிகப் பெரிது. ஆனால் அவை எவர் பசியையும் தீர்க்கவில்லை; எவர் கூலியாகவும் செல்லவில்லை. பல்லாயிரம் கைகளில் தேய்ந்த ஒரு சாதாரணப் பென்னி அவற்றைவிட மிகுதியான வரலாற்றைக் கண்டிருக்கும்.

பழங்காசைக் கையில் ஏந்துபவன் அதன் உரிமையாளன் மட்டும் அல்லன். தனக்குப்பின் வருவோர்க்காக அதனைக் காக்கும் காவலனும் ஆவான். தேய்ந்ததைப் புதியது என்று கூறாமலும், போலியை உண்மை என்று விற்காமலும், அறியாததை அறிந்ததாக எழுதாமலும் இருந்தால்தான் அவன் தொகுப்பு சான்றாக நிற்கும். மன்னர்களின் நாணயத்தை அளந்து பார்க்க முற்படுவோர்க்கு, முதற்கண் தம்மிடத்தே நாணயம் இருத்தல் வேண்டும்.